டிஷ்ஷா, டோமா, ஸ்டார்லிங்கா: ஆர்.வி. பயணத்தில் தொலைக்காட்சிக்கு எதை வாங்குவது?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தில், அகேடியா தேசியப் பூங்காவுக்கு அருகே ஒரு முகாம். பகலெல்லாம் நடந்து களைத்து, மாலையில் செய்தியும் மறுநாள் வானிலையும் பார்க்கலாம் என்று தொலைக்காட்சியைப் போட்டோம். எங்கள் ஆர்.வி.யின், அதாவது வீடு போன்ற பயண வண்டியின், கூரையில் இருந்த டோம் (செயற்கைக்கோள் தட்டை உள்ளே வைத்து மூடிய குவிமாடம்) மெல்ல முனகியபடி சுற்றியது, நின்றது, மறுபடியும் சுற்றியது. இருபது நிமிடம் கழித்தும் படம் வரவில்லை. டோம் பழுதாகிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். பக்கத்து வண்டியில் இருந்த முதியவர் எட்டிப் பார்த்தார். அவர் கூரையைப் பார்க்கவே இல்லை. நேராகத் தென்மேற்கு வானத்தைப் பார்த்தார். அங்கே ஸ்ப்ரூஸ் மரங்கள் சுவர் போல நின்றன. "டோம் நன்றாகத்தான் இருக்கிறது, மரம்தான் மறைக்கிறது" என்றார்.

வாங்கும்போது நான் விலை கேட்டேன், படத்தின் தரம் கேட்டேன், எத்தனை சானல் என்று கேட்டேன். வண்டியை எங்கெங்கே நிறுத்தப் போகிறேன் என்று மட்டும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும் என்பது என் அனுபவம். அதனால் கருவிகளுக்குப் போகும் முன் வானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் நமக்கு அசையாமல் நிற்பவையாகத் தெரிகின்றன. அமெரிக்காவில் எங்கே நின்றாலும் அவை தெற்குப் பக்கம்தான். எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பதுதான் இடத்துக்கு இடம் மாறும். செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி தரும் டிஷ் என்ற நிறுவனத்தின் மேற்கு வரிசைச் செயற்கைக்கோள்களில் ஒன்று மேற்குத் தீர்க்கரேகை 119 பாகையில் இருக்கிறது. யெல்லோஸ்டோனில் நின்றால் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 38 பாகை உயரத்தில் தெரியும். மெய்னிலோ அதே செயற்கைக்கோள் 19 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 மீட்டர் மரம் ஒன்று வழியில் நின்றால், யெல்லோஸ்டோனில் அதிலிருந்து 26 மீட்டர் தள்ளி நின்றால் போதும், மெய்னில் 58 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எந்த முகாமில் அவ்வளவு இடம் கிடைக்கும்?

அதே நிறுவனத்துக்குக் கிழக்கு வரிசையும் உண்டு. அதில் 61.5 பாகையில் இருப்பதை மெய்னிலிருந்து பார்த்தால் 38 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட நேர் தெற்கில் தெரியும். அன்று என் டோமைக் கிழக்கு வரிசைக்கு மாற்றியிருந்தால் படம் வந்திருக்கக்கூடும். சில தானியங்கி டோம்களில் அப்படி மாற்ற வழி இருக்கிறது, சிலவற்றில் இல்லை. கிழக்குக் கடற்கரையில் அதிகம் சுற்றப் போகிறவர்கள் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

இனி கருவிகள். கூரையில் நிலையாகப் பொருத்தும் டோமின் சுகம் மறுக்க முடியாதது. மழையில் இறங்க வேண்டாம், கேபிள் இழுக்க வேண்டாம், பொத்தானை அழுத்தினால் தானே தேடிக்கொள்ளும். சில வகைகள் வண்டி ஓடும்போதும் செயற்கைக்கோளை விடாமல் பிடித்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் ஒரே நாளில் 800 கிலோமீட்டர் போகும் குடும்பத்தில் பின்னால் குழந்தைகள் இருந்தால் அது பெரிய வசதிதான். ஆனால் டோம் வண்டியோடு ஒட்டியது. வண்டி நிழலில் நின்றால் டோமும் நிழலில் நிற்கும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் நிழல் கிடைக்கும் இடத்தைத்தான் எல்லோரும் தேடிப் பிடிக்கிறோம். குளிர்சாதனம் ஓய்வில்லாமல் ஓடாமல் இருக்க மரநிழல் வேண்டும், படம் வரத் திறந்த வானம் வேண்டும். கூரை டோம் வைத்திருப்பவர் ஒவ்வொரு முகாமிலும் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கிறார்.

இன்னொரு குறையும் இருக்கிறது. டோமுக்குள் இருக்கும் தட்டு, வீட்டுக் கூரையில் பார்க்கும் தட்டைவிடச் சிறியது. பலமான மழை பெய்தால் பெரிய தட்டில் படம் தாக்குப்பிடிக்கும் நேரத்தில் சிறியதில் அறுந்துவிடும். டோமின் மேல் ஈரப் பனி படிந்தாலும் அப்படித்தான். தவிர, இந்த டோம்கள் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு செயற்கைக்கோளை மட்டுமே பார்க்கின்றன. சானலை மாற்றும்போது அது வேறு செயற்கைக்கோளில் இருந்தால் டோம் திரும்பிப் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். வண்டியில் இரண்டு தொலைக்காட்சிகள் இருந்து, இருவர் இரு வேறு செயற்கைக்கோள் சானல்களைக் கேட்டால் அது நடக்காது. ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்வதிலும் இதே சிக்கல் வரும்.

இந்தக் குறைக்கு மருந்தாக வந்ததுதான் கூரையில் படுத்திருந்து, நிறுத்தியபின் எழுந்து நிற்கும் திறந்த தட்டு. வைன்கார்ட் நிறுவனத்தின் டிராவ்லர் இந்த வகையைச் சேர்ந்தது. முழு அளவுத் தட்டு என்பதால் பல செயற்கைக்கோள்களை ஒரே நேரத்தில் பார்க்கும். மழையிலும் டோமைவிட உறுதியாக நிற்கும். விலையும் அதற்கேற்ப ஏறும். காற்று பலமாக அடித்தால் மடக்க வேண்டும். கிளம்பும் முன் தட்டு படுத்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். மரநிழல் சிக்கல் இதிலும் அப்படியே இருக்கிறது.

கையில் தூக்கிச் செல்லும் டோம் அந்த முடிச்சை அவிழ்க்கிறது. டெயில்கேட்டர், பிளேமேக்கர், பாத்வே என்று பல பெயர்களில் கிடைக்கும். ஒரு கையால் தூக்கலாம். வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, டோமை வெயிலில் கொண்டுபோய் வைத்து, ஒரே கேபிளால் இணைத்துவிடலாம். மின்சாரமும் அந்தக் கேபிளிலேயே போய்விடும். திசை தேடுவது அதன் வேலை. தட்டு சிறியது, ஒரு நேரத்தில் ஒரு செயற்கைக்கோள் என்ற குறைகள் இதிலும் தொடர்கின்றன. யாராவது எடுத்துப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் பூட்டுச் சங்கிலி போடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை, வார இறுதியில் கிளம்பும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பேன்.

எனக்கு மிகவும் பிடித்தது முக்காலித் தட்டு. வீட்டில் பொருத்தும் அதே வகைத் தட்டை முக்காலியில் ஏற்றி, நாமே கையால் திருப்பிச் செயற்கைக்கோளைப் பிடிப்பது. எல்லாவற்றிலும் விலை குறைந்தது இதுதான், படத்தில் உறுதியானதும் இதுதான். கற்றுக்கொள்ள மூன்று எண்கள் இருக்கின்றன: எந்தத் திசை, எவ்வளவு உயரம், தட்டைப் பக்கவாட்டில் எவ்வளவு சாய்ப்பது. முக்காலியின் கம்பம் செங்குத்தாக நின்றால் உயரமும் சாய்வும் எண்ணைப் பார்த்து வைத்தாலே சரியாக அமைந்துவிடும். பிறகு இடமும் வலமுமாக மிக மெதுவாகத் திருப்பித் தேட வேண்டியதுதான். கம்பம் சற்றுச் சாய்ந்திருந்தால் மூன்று எண்களுமே பொய்யாகிவிடும். முதல் நாள் எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. பத்தாவது முறை பத்து நிமிடத்தில் முடிந்தது.

இதில் ஒரு நுட்பம் பலரை அலைக்கழிக்கிறது. காந்த ஊசி காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல. மெய்னில் இரண்டுக்கும் ஏறத்தாழ 15 பாகை இடைவெளி. நீங்கள் பார்க்கும் திசை எண் எந்த வடக்கை வைத்துச் சொல்லப்பட்டது என்று தெரியாமல் தட்டைத் திருப்பினால் பக்கத்து வானத்தில்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள். திசைகாட்டியை வண்டியின் இரும்புக்குப் பக்கத்தில் வைத்தும் பார்க்கக் கூடாது. கைப்பேசியின் கேமராவை வானத்தை நோக்கிப் பிடித்தால் செயற்கைக்கோள் நிற்கும் இடத்தைத் திரையிலேயே காட்டும் டிஷ்பாயின்டர் போன்ற செயலிகள் வந்தபிறகு இந்த வேலை எவ்வளவோ எளிதாகிவிட்டது. முகாமுக்குள் நுழைந்ததும், வண்டியை நிறுத்தும் முன்னரே, நான் அந்தச் செயலியைத் திறந்து ஒரு சுற்று நடந்துவிடுகிறேன். காற்றில் முக்காலி சாயாமல் இருக்க நடுவில் ஒரு தண்ணீர்க் குடத்தைக் கட்டித் தொங்க விடுங்கள்.

எந்த நிறுவனம் என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. டிஷ்ஷின் போட்டி நிறுவனமான டைரக்டிவி தன் எச்.டி. சானல்களை 99, 103 பாகைகளில் உள்ள செயற்கைக்கோள்கள் வழியே கேஏ என்ற உயர் அலைவரிசையில் அனுப்புகிறது. ஆர்.வி. டோம்களால் அந்த அலைவரிசையைப் பிடிக்க முடியாது. டோமில் டைரக்டிவி பார்ப்பவருக்கு அந்தத் தெளிவான எச்.டி. படம் கிடைக்காது. எச்.டி. வேண்டுமென்றால் முக்காலியோ எழுந்து நிற்கும் தட்டோ வேண்டும். டிஷ் நிறுவனத்தின் எச்.டி. சானல்களைச் சிறிய டோமும் பிடிக்கும். கூடவே, பயணம் போகும் மாதத்துக்கு மட்டும் பணம் கட்டி, மற்ற மாதங்களில் நிறுத்தி வைக்கும் திட்டமும் அவர்களிடம் உண்டு. அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்காகவே டைரக்டிவியை விடாமல் வைத்திருந்தார்கள். அந்த ஞாயிறு ஒளிபரப்புத் தொகுப்பு 2023 பருவத்திலிருந்து யூடியூபுக்குப் போய்விட்டது. டைரக்டிவி பக்கம் இழுத்த பெரிய காரணமே இப்போது இல்லை. கனடாவில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு: பெல் நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் 82, 91 பாகைகளில் இருக்கின்றன, டோம் அவற்றை ஆதரிக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

உள்ளூர் சானல் விஷயம் தனி. டல்லாஸிலிருந்து கிளம்பி நியூ மெக்ஸிகோ தாண்டியதும் என்.பி.சி., சி.பி.எஸ். போன்ற உங்கள் ஊர்ச் சானல்கள் மறைந்துவிட்டால் பதற வேண்டாம். உள்ளூர் சானல்களைச் செயற்கைக்கோள் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனிக் குறுகிய கற்றையாக அனுப்புகிறது, அந்த வட்டாரத்தைத் தாண்டினால் அது எட்டாது. நிறுவனத்தைத் தொடர்புகொண்டு சேவை முகவரியை முகாமின் ஊருக்கு மாற்றினால் அந்த ஊர்ச் சானல்கள் வரும். ஒரு இடத்தில் இரண்டு வாரம் தங்கினால் செய்யத் தகுந்த வேலை, ஒரே இரவென்றால் அலுப்பு. தொலைதூர நகர ஒளிபரப்புகளை வீடுகளுக்குத் தருவதை அமெரிக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு அந்தக் கதவு பெரும்பாலான வீடுகளுக்கு மூடப்பட்டபோதும், ஆர்.வி.களுக்கும் சரக்கு லாரிகளுக்கும் உள்ள விலக்கு நிலைத்தது. வண்டியின் பதிவுச் சான்றைக் காட்டி அதைக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியவே தெரியாது.

உள்ளூர் சானல்களுக்கு மட்டும் இவ்வளவு பாடு தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஆர்.வி.களின் கூரையில் தொழிற்சாலையிலேயே ஒரு சாதாரண ஆன்டெனா பொருத்தித்தான் வருகிறது. 2009 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் முழுத் திறன் நிலையங்கள் டிஜிட்டலுக்கு மாறியதிலிருந்து அதில் வரும் படம் அருமையாக இருக்கிறது. அதிகம் சுருக்கப்படாத ஒளிபரப்பு என்பதால் செயற்கைக்கோள் படத்தைவிடத் தெளிவாக இருப்பதும் உண்டு. மாதக் கட்டணம் கிடையாது. புயல் எச்சரிக்கைக்கும் அந்த வட்டாரச் செய்திக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. ஊர் மாறும்போதெல்லாம் சானல்களைப் புதிதாகத் தேடச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சுவரில் சிறிய பச்சை விளக்கோடு ஒரு பொத்தான் இருக்கும். அது ஆன்டெனாவின் திறன் கூட்டி. ஆன்டெனாவில் பார்க்கும்போது அது எரிய வேண்டும், முகாமின் கேபிள் இணைப்பில் பார்க்கும்போது அணைந்திருக்க வேண்டும். கேபிள் வேலை செய்யவில்லை என்ற புகார்களில் பல இந்தப் பொத்தானில்தான் முடிகின்றன. நகரங்களை விட்டு வெகுதூரம் விலகிய தேசியப் பூங்காக்களில் மட்டும் ஆன்டெனாவை நம்ப முடியாது.

இந்தக் கணக்கையெல்லாம் புரட்டிப் போட்டது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க். 2022 மே மாதத்தில் ஆர்.வி.களுக்கென்று தனித் திட்டம் வந்தது, 2024-இல் முதுகுப்பையில் அடங்கும் மினி என்ற சிறிய தட்டு வந்தது. ஸ்டார்லிங்கின் செயற்கைக்கோள்கள் 550 கிலோமீட்டர் அளவு உயரத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. அது தருவது இணையம். இணையம் வந்தால் யூடியூப் டிவி, ஸ்லிங் என்று எந்தச் சேவையும் வரும், உள்ளூர் சானல் தொல்லையும் பெரிதும் குறையும். தமிழ்க் குடும்பங்களுக்கு இது முக்கியமான திருப்பம். கோவையிலிருந்து என் அம்மா எங்களோடு மூன்று மாதம் இருக்க வந்திருந்தபோது, பயணத்திலும் அவருக்கு இரவு உணவுக்குப் பின் தொடர்கள் வேண்டியிருந்தன. முக்காலியில் அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த நூறு ஆங்கிலச் சானல்களால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. சன் நெக்ஸ்ட் போன்ற செயலிகள் இணையம் இருந்தால் போதும் என்கின்றன. ஸ்டார்லிங்க் வந்த அன்று அம்மா முகத்தில் பார்த்த நிறைவு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் மரநிழல் இங்கே வேறு விதமாக வந்து நிற்கிறது. பழைய தட்டுக்குத் தெற்கு வானத்தில் ஒரு சிறிய ஜன்னல் இருந்தால் போதும், இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கை அகல இடைவெளியில் கூட அது வேலை செய்யும். ஸ்டார்லிங்கின் செயற்கைக்கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் அதற்கு ஏறத்தாழ 110 பாகை அகலமான வானம் வேண்டும். ஒரு மரக்கிளை குறுக்கே வந்தாலும் அவ்வப்போது சில நொடிகள் அறுந்து அறுந்து வரும். படமோ தொடரோ பார்க்கும்போது முன்கூட்டியே சேமித்துக்கொள்வதால் அது தெரியாது. நேரலை ஆட்டத்தில் தெரியும், காணொளி அழைப்பில் நன்றாகவே தெரியும். கலிபோர்னியாவின் ரெட்வுட் காட்டுக்குள் வண்டியை நிறுத்துபவர்களுக்கு இரண்டுமே உதவாது. ஓரளவு மரமுள்ள முகாமில், தெற்கே ஒரு இடைவெளி கிடைத்தால், முக்காலித் தட்டுதான் வெல்லும். புதிதாக வாங்குபவர்களில் இதை யோசிப்பவர் குறைவு.

தரவும் மின்சாரமும் அடுத்த கணக்கு. எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜிகாபைட் வரை செலவாகும். 50 ஜிகாபைட் திட்டம் என்றால் 16 மணி நேரம். ஐந்து பேர் உள்ள வண்டியில் அது ஒரு வார இறுதிக்கே சரியாகிவிடும். தரத்தைக் குறைத்துப் பார்த்தால் மூன்று மடங்கு ஓட்டலாம், இல்லையென்றால் அளவில்லாத் திட்டத்துக்குப் போக வேண்டும். அது பல செயற்கைக்கோள் தொலைக்காட்சித் தொகுப்புகளைவிட மாதச் செலவு கூடியது. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் வாங்கும் நாளில் பார்த்துக்கொள்வது நல்லது. ஸ்டார்லிங்கின் வழக்கமான தட்டு 75 முதல் 100 வாட் இழுக்கும், மினி 25 முதல் 40 வாட். மாலையில் ஐந்து மணி நேரம் ஓடினால் முன்னதற்கு 500 வாட் மணி வரை, பின்னதற்கு 200 வரை. 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் மொத்தமே ஏறத்தாழ 1,200 வாட் மணிதான் இருக்கிறது. முகாமில் மின் இணைப்பு இருந்தால் கவலையில்லை. அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில் குளிர்காலம் முழுவதும் சூரியத் தகடுகளை நம்பி இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. அங்கே மரமே இல்லை என்பதால் எந்தக் கருவியும் வேலை செய்யும், குறைந்த மின்சாரம் இழுப்பதை எடுங்கள்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பயணத்தில் இணையம் எப்படியும் தேவை, அங்கிருந்தே வேலை செய்கிறீர்கள் என்றால் ஸ்டார்லிங்கை வாங்கிவிடுங்கள், தொலைக்காட்சிக்கென்று இன்னொரு கருவி வேண்டாம், கூரை ஆன்டெனாவே துணைக்குப் போதும். பணி ஓய்வு பெற்று ஆண்டில் ஆறு மாதம் சாலையில் இருப்பவர், பழகிய சானல்களும் நேரலை ஆட்டங்களும் வேண்டும் என்பவர், முக்காலியும் டிஷ் நிறுவனத்தின் மாதத் திட்டமும் எடுத்துக்கொள்ளட்டும். முதுகு வலியோ முழங்கால் வலியோ இருந்து முக்காலி தூக்க முடியாதென்றால் கையில் தூக்கும் டோம். கூரை டோமை, வண்டி ஓடும்போதும் பார்க்க வேண்டும் என்பவருக்கு மட்டும் பரிந்துரைப்பேன். பழைய வண்டி வாங்கும்போது கூரையில் ஏற்கெனவே டோம் இருந்தால், அது எந்த நிறுவனத்துக்கு உரியது, எச்.டி. பிடிக்குமா என்று பார்க்காமல் அதற்காக ஒரு டாலர் கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

அலாஸ்காவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபேர்பேங்க்ஸில் 119 பாகைச் செயற்கைக்கோள் 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். நம் கையில் இருக்கும் சிறிய டோம் அங்கே உதவாது. நாங்கள் அடுத்த கோடையில் டெனாலிக்குப் போவதாக இருக்கிறோம். டோமையும் முக்காலியையும் வீட்டிலேயே வைத்துவிட்டு ஸ்டார்லிங்க் மினியை மட்டும் எடுத்துப் போகிறேன். நள்ளிரவு வரை வெளிச்சம் இருக்கும் அந்த ஊரில் அதையும் எத்தனை நாள் வெளியே எடுப்போம் என்று பார்க்க வேண்டும்.